இதை நாலால் வகுக்காதே

திங்கட்கிழமை, கடை விடுமுறை

அன்பு மருமகள் அங்குலத்துக்கு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். மற்றவர்கள் இதை ஒருதரம் எழுதுவார்கள், நான் மூன்று தரம் எழுதுகிறேன்: நலம், நலம், நலம். உன் அத்தையும் நலம். பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள். எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிறாளாம். ஐந்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான். ஐந்தும் இரண்டும் ஏழு. ஏழு படித்தவனுக்கு ஆறு படித்தவள் பிழை திருத்துவது எந்த ஊர் நியாயம்?

போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. ஒரு விஷயத்தை நல்லபடியாக ஜோடித்துச் சொல்லிக்கொண்டு வரும்போதே, "மாமா, நாலால வகுத்துச் சொல்லுங்க" என்று குறுக்கே வெட்டிவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதான் படித்தாக வேண்டும்.

அந்தச் சட்டம் வந்த கதையைக் கடைக்கு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் சொல்கிறேன். உன் அம்மா போனபிறகு, ஒன்பது வயதில், ஒரு துணிப்பையும் ஒரு மர அடிக்கோலுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாய். இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை. கதவை அளந்தாய், கட்டிலை அளந்தாய், ஜன்னல் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடத்தை அளந்தாய். மூன்றாம் நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "என்ன பார்க்கறே? ஒரு அடி மீசை!" என்றேன். அடிக்கோலை மூக்குக்குக் கீழே வைத்து அளந்துவிட்டு, "மூணு அங்குலம்தான்" என்றாய். இந்த வீட்டில் நீ பேசிய முதல் பேச்சு அது. ஒரு அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். பன்னிரண்டை நாலால் வகுத்தால் மூன்று. அன்றைக்கே மாமா எது சொன்னாலும் நாலால் வகு என்று உன் அத்தை சட்டம் போட்டாள். உனக்கும் அங்குலம் என்று பேர் விழுந்தது.

சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. வாய் என்று ஒன்று இருந்தால் கொஞ்சம் கூடத்தான் வரும். ஆனால் தராசு வேறு. முப்பத்தொரு வருஷத்தில் என் கறிக்கடைத் தராசு ஒரு கிராம் குறைந்தது என்று ஒருத்தர் சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன்.

உன் நாலு பக்கக் கடிதம் வந்தது. வெட்டு மேடைக்குப் பின்னால் நின்றபடியே படித்தேன். மூன்று பக்கம் வரைக்கும் சிரித்தேன். நாலாவது பக்கத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மாமாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இந்தப் பருவத் தேர்வோடு படிப்பை விட்டுவிட்டு வருகிறேன், பாலம் கட்டுகிற படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது என்று எழுதியிருக்கிறாய். படிப்பு ஓடாது, சரி. உனக்குக் கிடைத்த இடம்? அதற்கு வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? தேர்வுக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது, அதற்குள் உடம்பு தேறியதற்கு அத்தாட்சி அனுப்பினால் மட்டும் யோசிக்கிறேன், நீங்கள் வாயால் சொல்வது செல்லாது என்றும் எழுதியிருக்கிறாய். கண்டிப்பில் அப்படியே உன் அம்மா.

அத்தை போனில் அழுதுகொண்டே உன்னிடம் என்ன சொன்னாளோ. நடந்ததை நான் சொல்கிறேன். காலை ஒன்பது மணி. கடை முன்னால் ஒரு எண்பது பேர், வகுத்துக்கொள். ஒரு தொடையைக் கொக்கியில் மாட்டத் தூக்கினேன். நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் விழவில்லை. உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் தரையாகப் போய்விட்டது, அவ்வளவுதான். எதிர்வரிசை மீன்காரம்மா, மீன் கழுவிய தண்ணீர் என் கடைப் பக்கம் வந்த சண்டையில் பதினைந்து வருஷமாக என்னோடு பேசாதவள், ஐஸ் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டாளாம். எனக்கு நினைவில்லை. நினைவிருந்தால் தடுத்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஒரு டாக்டர் வந்தார். நான் அவருக்குக் கண்ணாடி டாக்டர் என்று பேர் வைத்துவிட்டேன். ரத்தக்குழாய் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, இப்போதைக்குக் கத்தி வைக்க வேண்டாம், மாத்திரையையும் சாப்பாட்டையும் ஒழுங்காகக் கவனித்தால் சமாளிக்கலாம் என்றார். "உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப ஜாஸ்தி, ஐயா" என்று வேறு சொன்னார். உன் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு, "இதுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கணுமா டாக்டர்? என்னைக் கேட்டிருந்தா கல்யாணமான வருஷமே சொல்லியிருப்பேனே" என்றாள். இரண்டு நர்ஸும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நெஞ்சு வலிக்க வலிக்க.

கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். முதல் வரி: "சிவப்பு இறைச்சியைக் குறைக்கவும்." இந்த வரியை நான் எப்படி நிறைவேற்றியிருக்கிறேன் என்று கேட்டால் நீ அசந்துபோவாய். குறைக்கத்தான் சொன்னார்கள். நான் ஒழித்தே விட்டேன்!

முப்பத்தொரு வருஷம் கறியோடு பழகியவனுக்கு நிறம் தெரியாதா? வெட்டும்போது சிவப்பு. சட்டியில் போட்டுப் பத்து நிமிஷத்தில் பழுப்பு. அரைமணி நேரத்தில் கறுப்பு. வேகாமல் பச்சையும் சிவப்புமாக அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு வருகிற கேடு இது என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அத்தையிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: என் தட்டில் சிவப்பு என்ற பேச்சே கூடாது. நன்றாகக் கருக வறு. மஞ்சளைத் தாராளமாகப் போடு. மிளகாய்த்தூளை நிறுத்திவிட்டேன், அதுவும் சிவப்பு. தக்காளியையும் நிறுத்திவிட்டேன். ஈரல் கத்தரிக்காய் நிறம், அது கணக்கில் வராது. தக்காளியையே தியாகம் செய்த இன்னொரு நோயாளியை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்குமா?

ஆகையால் நீ வரவேண்டாம். மார்க்கெட்டில் எல்லோரிடமும் என் மருமகள் இதுவரைக்கும் நாலு பாலம் கட்டிவிட்டாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்றுகூடக் கட்டாமல் நீ வந்து நின்றால் என் கதி என்ன? தாய்மாமன் மானம் உன் கையில். அத்தாட்சி விரைவில் வரும். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

கல் மாதிரி இருக்கும்,
உன் மாமன்.

அங்குலம், அத்தை எழுதறேன். கல் மாதிரி இல்ல. மாடிப்படி ஏறினா நடுப்படியில நின்னு சுவத்துல இருக்கற காலண்டரைப் பார்க்கற மாதிரி மூச்சு வாங்கறார். இந்த சிவப்பு விஷயமும் எனக்கு சரியாப் படல. டாக்டரைக் கேக்கலாம்னா விடமாட்டேங்கறார்.


வியாழக்கிழமை, கடையிலிருந்து

அன்பு மருமகளுக்கு வாயடைத்துப்போன மாமன் எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. நீ கிழிக்கமாட்டாய், பெட்டியில் வைத்துப் பூட்டுவாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்லவேண்டியது என் கடமை.

ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பாராட்டு வாங்கப் போகிறவன் மாதிரி போனேன். கண்ணாடி டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். "மாத்திரை ஒரு பக்கம் கீழே இழுக்குது. ஏதோ ஒண்ணு இன்னொரு பக்கம் மேலே இழுக்குதே. ஐயா, என்னதான் சாப்பிடறீங்க?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். பழுப்பு, கறுப்பு, மஞ்சள், தக்காளித் தியாகம், ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மனிதர் அழுகிறாரோ என்று பயந்து தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"வெந்தப்புறம் கறுத்தாலும் அது சிவப்பு இறைச்சிதான், ஐயா. நாலு கால்ல நடக்கிறது எல்லாமே சிவப்பு. ரெண்டு கால்ல நடக்கிறது, தண்ணியில நீந்தறது, மண்ணுல முளைக்கிறது, அதையெல்லாம் சாப்பிடுங்க. தக்காளி பாவம், அதையும் சாப்பிடுங்க" என்றார். இதை முதலிலேயே கறி என்று எழுதித் தொலைத்திருக்கலாமே! எங்கள் தொழிலில் தொடை என்போம், நெஞ்செலும்பு என்போம், சப்பை என்போம். நிறத்தை வைத்துக் கறியைக் கூப்பிடுகிறவனை நான் பார்த்ததில்லை. தப்பு அவர்கள் தமிழில். இருந்தாலும் அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து நான் வாதாடவில்லை. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்.

வாரத்துக்கு எத்தனை வேளை கறி என்று கேட்டார். ஏழு நாளும் ஒரு வேளை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு வேளை, ஆக எட்டு என்றேன். அந்த மனிதர் பேனாவைத் திறந்துகொண்டே என்ன சொன்னார் தெரியுமா? "அப்ப அதை நாலால வகுத்துக்குங்க. ரெண்டு வேளை." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர், என் மருமகள் உங்களுக்குப் போன் செஞ்சாளா?" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உன் அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஒரு வேளைக்கு எவ்வளவு என்றேன். உள்ளங்கை அளவு என்றார். சரி என்று என் கையை விரித்து மேசைமேல் வைத்தேன். அவருடைய மருந்துச் சீட்டுகள், பேனா ஸ்டாண்டு எல்லாம் மறைந்துபோயிற்று. "இந்தக் கை இல்லை. உங்க வீட்டம்மா கை" என்றார். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் அடுப்படியில் அவள் கையை விரித்துக் காட்டுகிறாள், நான் அந்த அளவுக்கு வெட்டுகிறேன். கல்யாணமாகி முப்பது வருஷம், அவள் உள்ளங்கையை இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை, அங்குலம். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. எப்போது பட்டது என்று கேட்டேன். "உங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும்போது கடைக் கதவுல நசுங்கினது. இருபது வருஷம் ஆச்சு" என்றாள். அளவு காட்டும்போது எனக்காக விரலைக் கொஞ்சம் அகட்டி வைக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு, உள்ளங்கை அளவுக்கே வெட்டுகிறேன்.

இன்னொன்று. வெளியே வருவதற்கு முன்னால் டாக்டர், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சுவலி உண்டா என்று கேட்டார். அக்கா அதில்தான் போனாள் என்றேன். எத்தனை வயதில் என்றார். நாற்பத்திரண்டு என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, அங்குலம். கூட்டிச் சொல்ல முடிந்திருந்தால் எண்பத்திரண்டு என்று சொல்லியிருப்பேன்.

இனிமேல் கதையைக் கேள். கறியைக் குறைத்தால் மீன் வேண்டும். மார்க்கெட்டில் மீன் வாங்க ஒரே கடை. பதினைந்து வருஷப் பகை. முதல் இரண்டு வாரம் அத்தையை அனுப்பினேன். மூன்றாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் ஆறடி நடைபாதையைக் கடந்து அந்தப் பக்கம் போனேன். நாற்பது மைல் நடந்த மாதிரி இருந்தது, வகுக்காதே, நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன கறிக்கடைக்காரரே, வழி தவறிட்டீங்களா? கறி அந்தப் பக்கம்."

"மீன் வேணும்."

"காது கேக்கலை."

"மீன் வேணும்மா!"

நான் கத்தியதில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. அவள் இருப்பதிலேயே நல்ல மீனை எடுத்துச் செதில் சீவிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "அன்னிக்குப் பொத்தானைக் கழட்டினப்பவே நினைச்சேன், இந்த ஆள் ஒருநாள் என்கிட்ட வந்து நிப்பான்னு" என்றாள்.

அடுத்த நாளே புரளி கிளம்பிவிட்டது. கறிக்கடைக்காரரே கறி சாப்பிடுவதில்லையாம், அப்படியானால் கறியில் என்ன கோளாறோ என்று. இட்லித் தட்டில் விழுந்த ஈ மாதிரி என்னைப் பார்த்தார்கள். பழைய வாடிக்கைக்காரர் ஒருத்தர், பஸ் டிரைவர், கடை முன்னால் நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்கினார். எனக்கு வந்ததே ரோஷம்! ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்றேன். "கறியில கோளாறு இல்லை, என்கிட்டதான் கோளாறு! எட்டு வேளை தின்னவன் நான். நீங்க அப்படித் தின்னாதீங்க. அரைக் கிலோ வாங்கறவங்க கால் கிலோ வாங்குங்க. ஆனா அந்தக் கால் கிலோவை என்கிட்டயே வாங்குங்க!" என்றேன். கைதட்டலில் கூரைத் தகரம் ஆடியது. நாலால் வகுத்தால் பஸ் டிரைவரும் மீன்காரம்மாவும் கைதட்டினார்கள். பஸ் டிரைவர் கால் கிலோதான் வாங்கினார். அவருக்கும் மாத்திரை உண்டாம், அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லையாம்.

அத்தாட்சிக்கும் வழி செய்துவிட்டேன். வீட்டில் எடை பார்க்கிற மெஷின் இல்லை. கடையில் தோலுரித்த முழு உடலை நிறுக்கிற தூக்குத் தராசு இருக்கிறதே, சோதனைக்காரர் வருஷா வருஷம் முத்திரை குத்துகிற தராசு. அதன் கொக்கியில் பலகை கட்டி ஊஞ்சல் மாதிரி உட்கார்ந்துகொள்கிறேன். சனிக்கிழமைதோறும் கடை மூடுகிற நேரத்தில் நடக்கிறது. முதல் எடை தொண்ணூற்றாறு கிலோ. பலகை எடையைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன், அந்த விஷயத்தில் என்னைத் தெரியுமல்லவா. நீங்களே எழுதினால் யார் நம்புவார்கள், உங்களுக்காகப் பொய் சொல்லாத ஆளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள் என்று அத்தை சொன்னாள். மார்க்கெட் முழுக்க யோசித்துப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஆள் ஒருத்திதான் இருக்கிறாள். மீன்காரம்மா பென்சிலை ஈரப்படுத்திக்கொண்டு தராசு முள்ளைப் பார்த்து எழுதுகிறாள்.

நீ தேர்வுக்குப் படி. மூட்டை கட்டாதே.

ஊஞ்சலில் ஆடும்,
உன் மாமன்.

அங்குலம், இந்தத் தடவை நான் அதிகம் திருத்தல. நாப்பத்திரண்டுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்தவர், சாயந்திரம் வரைக்கும் ஒண்ணும் பேசல. அவர் பேசாம இருந்தா எனக்கு பயமா இருக்கு. மறுநாள் மீன்காரம்மா கடைக்குப் போங்கன்னு சொன்னதுக்கு என்னோட சண்டை போட்டப்பதான் உசிரு வந்துச்சு. அத்தை.


திங்கட்கிழமை, கடை விடுமுறை

அன்பு மருமகள் அங்குலத்துக்கு உன் தாய்மாமன், மார்க்கெட்டின் முதல் நோஞ்சான், எழுதிக்கொள்வது.

நலம். இந்த முறை ஒரு தரம்தான் எழுதுகிறேன். போதும் என்று தோன்றுகிறது.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று ஆஸ்பத்திரித் தாள். அதில் உள்ள எண்களுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் முதலில் இருந்த கெட்ட கொழுப்பு நூற்று எண்பத்தாறு, இப்போது தொண்ணூற்றெட்டு. கண்ணாடி டாக்டர் கையெழுத்துக்குக் கீழே, நான் கேட்காமலே, "நல்ல முன்னேற்றம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அதை முதலில் அத்தை படித்தாள், பிறகு நான் படித்தேன், பிறகு கடையில் எல்லோரும் படித்தார்கள். எண்ணெய்க் கறை அவர்கள் கையுடையது. மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், நிறுத்தவில்லை.

இன்னொன்று மீன்காரம்மாவின் தாள். மீன் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள். அதை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வா. தொண்ணூற்றாறில் ஆரம்பிக்கிறது. வாரம் ஒரு படி இறங்குகிறது. ஏழாவது வாரத்தில் நானூறு கிராம் ஏறியிருக்கும். அதைப் பற்றி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் ஒரு பெரிய ஓட்டல்காரருக்காக நெஞ்செலும்பு வறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்க மட்டும்தான் நினைத்தேன். ஐஸ் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், ஆறு துண்டு. சனிக்கிழமை தராசில் உட்கார்ந்ததும் முள் காட்டிக்கொடுத்துவிட்டது. "அம்மா, இந்த வாரம் மட்டும் போன வார எடையையே போட்டுடுங்க, என் மருமகள் மனசு கஷ்டப்படும்" என்று கெஞ்சினேன். "தராசு காட்டறதைத்தான் எழுதுவேன். உங்க வாய் காட்டறதை எழுதறதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊஞ்சலில் இருந்து இறங்கி, வீடு வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தேன். நடக்க நடக்கத்தான் புத்தி வந்தது. முப்பத்தொரு வருஷமாக அந்தத் தராசின் முன்னால் நான் என்ன சொல்லிக்கொண்டு நிற்கிறேனோ, அதைத்தானே அவள் திருப்பிச் சொன்னாள்? அந்த நானூறு கிராம் தாளில் அப்படியே இருக்கட்டும். அது இருப்பதால்தான் மற்றதெல்லாம் நிஜம்.

கடைசி வரி எண்பத்தெட்டு. மார்க்கெட்டில் நான் முப்பத்திரண்டு கிலோ குறைந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டை வகுத்துப் பார். எட்டு வருகிறதா? தாளிலும் எட்டுதான். என் வாயும் தராசும் ஒத்துப்போனது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. அத்தையிடம் சொன்னேன். "காலண்டர்ல குறிச்சு வைக்கணும்" என்றாள். மாடிப்படிக்கு நடுவில் இருந்த காலண்டரைக் கழற்றி அடுப்படியில் மாட்டியிருக்கிறாள். அது அங்கே இருக்கவேண்டிய அவசியம் இப்போது இல்லை.

வாரம் இரண்டு நாள், அவள் கை அளவு கறி. மற்ற நாளில் பயறு, மீன், கீரை, முட்டை, காளான். முதல் மாதம் பயற்றைப் பார்த்தால் அது என்னைப் பார்த்து முறைக்கும். இப்போது சமாதானமாகிவிட்டோம். ஒரு விஷயம் யாருக்கும் சொல்லாதே: கொஞ்சமாகச் சாப்பிடும்போதுதான் கறியின் ருசியே தெரிகிறது. எட்டு வேளை தின்றபோது வயிற்றுக்குத் தின்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு வெள்ளிக்கிழமையே காத்திருக்கிறேன். கடையில் கறியை மெல்லிசாக வெட்டக் கற்றுக்கொண்டேன். பஸ் டிரைவருக்கும், அவர் கூட்டிவந்த இன்னும் நாலு டிரைவர்களுக்கும் அவரவர் வீட்டம்மா உள்ளங்கை அளவு கேட்டு வெட்டிக் கொடுக்கிறேன். ஒரு டிரைவர் மனைவியின் கையைத் தாளில் கோடு போட்டு வரைந்தே கொண்டுவந்துவிட்டார். அந்தத் தாளைத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் ஜோசியக் கடை என்று நினைக்கிறார்கள்.

உன் அறையில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. மர அடிக்கோலை அத்தை துடைத்து மேசைமேல் வைக்கிறாள். நேற்று அதை எடுத்து மீசையை அளந்து பார்த்தேன். இரண்டரை அங்குலம்தான் இருக்கிறது. வெளியே பத்து அங்குலம் என்று சொல்லிக்கொள்கிறேன், கணக்குச் சரியாக வரும். அளந்துவிட்டு அடிக்கோலை அதே இடத்தில் வைத்தேன். ஒரு நூல் தள்ளி வைத்திருந்தாலும் நீ வந்ததும் கண்டுபிடித்துவிடுவாய்.

நீ வந்தால் என்ன என்று உன் அத்தை இரண்டு தரம் கேட்டாள். மூன்றாவது தரம் கேட்கவில்லை. நான் ஒரு தரமும் கேட்கவில்லை. உன் அம்மா உன்னைக் கொண்டுவந்து விடவில்லை, அங்குலம், அவள் போனதால் நீ வந்தாய். இந்த வீட்டுக்கு நீ ஒருமுறை பயத்தோடு வந்தது போதும். இரண்டாம் தரமும் பயத்தோடு வரக்கூடாது. அதற்காகத்தான் பயற்றைத் தின்றேன், மீன்காரம்மாவிடம் கத்தினேன், கொக்கியில் தொங்கினேன். உனக்காகச் செய்தேன் என்று சொன்னால் நீ அழுவாய், அதனால் எனக்காகத்தான் செய்தேன்.

தினமும் உன்னை நூறு தரம் நினைக்கிறேன் என்று எழுத வந்தேன். வகுத்துக்கொள், இருபத்தைந்து. அது சரியான எடை.

இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அத்தையிடம் கொடுத்தேன், வழக்கம்போலக் கீழே இரண்டு வரி எழுது என்று. முழுக்கப் படித்தாள். "திருத்த ஒண்ணும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

தேர்வை எழுது. படிப்பை முடி. நாலு பாலம் கட்டிவிட்டாய் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன் அல்லவா? நாலை நாலால் வகு. ஒன்று. அந்த ஒன்றைக் கட்டிவிட்டு வா, கண்ணு. அதைத் திறக்கிற அன்றைக்கு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நடுவில் எங்கேயும் நிற்காமல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு முதல் ஆளாக நடப்பதற்கு நான் இருப்பேன்.

இதை நாலால் வகுக்காதே.

எண்பத்தெட்டு கிலோ, பலகை எடை நீங்கலாக,
உன் தாய்மாமன்.